இறுக்கிப் பிடித்த சிரிப்பு

என் தொழில் சிரிப்பது. குழந்தைகளுக்கான பொம்மைப் படத் தொடர் ஒன்றில் ஒரு சூனியக்காரி வருகிறாள். ஒன்பது வருடமாக அவளுக்குக் குரல் கொடுப்பவள் நான். அவள் பேசுவது கொஞ்சம், சிரிப்பது அதிகம். ஒரு சிரிப்புக்குப் பதினோரு வினாடி. பக்கத்து வீட்டுப் பொடிசுகள் அதைச் செய்து காட்டும்போது பெருமையாகத்தான் இருக்கும். ஏழாவது வினாடியில் சூனியக்காரிக்கு உள்ளாடை நனைந்துவிடும் என்பது அதுகளுக்குத் தெரியாது.

இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இந்தக் கூத்து. இருமினால் கசியும், தும்மினால் கசியும். பதினோரு வருடமாகக் கறுப்பு பேன்ட்டைத் தவிர வேறு எதுவும் நான் போட்டதில்லை.

முதலில் வைத்தியம் சொன்னது என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்று இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"பிள்ளை பெத்தா எல்லாருக்கும் தளர்ந்துதான் போகும் அண்ணி. மூத்திரத்தை அடக்குற மாதிரி இறுக்கிப் பிடிங்க. பஸ்ல நின்னாலும் பிடிங்க, பல்லு தேய்ச்சாலும் பிடிங்க. எவ்வளவு பிடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது."

பிடிக்கச் சொன்னாள். விடச் சொல்லவே இல்லை.

அதை நான் தொழிலோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். எங்கள் ஒலிப்பதிவு அறைக்குள் ஒரு சிவப்பு விளக்கு, கதவுக்கு வெளியே ஒன்று. அவை எரிந்தால் யாரும் இருமக் கூடாது, நாற்காலி கிறீச்சிடக் கூடாது, கதவைத் திறப்பது மகா பாவம். விளக்கு எரிந்தால் இறுக்குவது, அணைந்தால் விடுவது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு இருநூறு தடவை எரியும் விளக்கு அது. போகப் போக, விளக்கு அணைந்ததுகூட என் உடம்புக்குத் தெரியாமல் போயிற்று. இந்த அழகில், அங்கே வரும் பெண்களுக்கெல்லாம் இதை உபதேசம் வேறு செய்தேன். கிளிக்குரல் கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், எல்லாருக்கும் அவள் கிளிதான். இரண்டு வருடத்துக்கு முன் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த வருடம் டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சிரிப்பு தொண்டையிலேயே நின்னுடுது. சூனியக்காரி மாதிரி இல்ல, பஸ்ஸைத் தவற விட்டவ மாதிரி இருக்கு. அடுத்த பகுதிக்கு உங்களையும் கிளியையும் சிரிக்க வச்சுப் பார்க்கச் சொல்றாங்க. ரெண்டு மாசம் டைம் இருக்கு."

ஒன்பது வருடம் வளர்த்த சூனியக்காரி கைவிட்டுப் போகப் பார்க்கிறாள். நான் என்ன செய்தேன்? இன்னும் இறுக்கினேன். தினம் முந்நூறு. தண்ணீரை நிறுத்தினேன். கசிவு கூடியது.

டாக்டரிடம் போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சுல்ல? அப்படித்தான் இருக்கும். தண்ணியக் குறைங்க, பேட் வச்சுக்கங்க."

அவருக்குத் தலைவலி வந்தால், 'தலை இருக்குல்ல, வலிக்கத்தான் செய்யும்' என்று யாராவது அனுப்பி வைப்பார்களா?

கடைசியில் குரலுக்காகத் தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தேன். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். "தொண்டையில ஒண்ணும் இல்ல. உங்க வயிறு அசையவே மாட்டேங்குதே, எதை இப்படிப் பிடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்த பிசியோவிடம் அனுப்பினார்.

பிசியோ என்னைவிடப் பத்து வயது சின்னவள். பச்சைத் திரையை இழுத்துவிட்டு, என் சம்மதம் கேட்டு, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே விரல் வைத்துப் பார்த்தாள்.

"இறுக்குங்க."

இறுக்கினேன்.

"இப்ப விடுங்க."

"விட்டுட்டேன்."

"இல்லம்மா, விடல."

"விட்டுட்டேன்மா!"

"விட்டதா நினைக்கிறீங்க. தசை இறுகியேதான் இருக்கு."

கையை மூடிக் காட்டினாள். "நாள் பூரா இப்படியே வச்சிருந்தா, யாராவது பந்தைத் தூக்கிப் போடும்போது பிடிக்க முடியுமா? இருமல் வர்ற நேரத்துல பிடிக்க அந்தத் தசைக்குத் தெம்பு இல்ல. சில பேருக்குத் தளர்ந்திருக்கும், அவங்க பலப்படுத்தணும். நீங்க முதல்ல விடக் கத்துக்கணும். தண்ணியையும் குறைக்காதீங்க. இதுவரைக்கும் யாரும் பார்த்துச் சொல்லலையா?"

யாரும் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே ஆளாளுக்குச் சொன்னார்கள். கால் மணி நேரப் பரிசோதனை! அதற்குப் பதினோரு வருடம். மகளின் பள்ளி விழாவில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தபோது நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டிலில் படுத்தபடியே எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் மேல், டாக்டர் மேல், "பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கென்ன தெரியும்" என்று எழுந்து போன வீட்டுக்காரர் மேல்.

ஆறு வாரம் மூச்சை வயிற்றுக்கு இறக்கி, விடப் பழகினேன். கசிவு பாதியானது. சிரிப்பும் கொஞ்சம் இறங்கியது.

தேர்வு நாள். முதலில் கிளி உள்ளே போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், டைரக்டர் அருகில் உட்கார்ந்திருந்தேன். அவளும் கறுப்பு பேன்ட். இத்தனை நாளில் அது என் கண்ணில் பட்டதே இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கப்படவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் தோள் மேலே ஏறியது, செருப்புக்குள் கால் விரல்கள் சுருண்டன. சிரித்தாள். சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

சும்மா இருந்தால் சூனியக்காரி எனக்குத்தான். ஒரு வினாடி அப்படியும் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்தச் சுருண்ட விரல்கள் என் விரல்கள். எழுந்து போய், சிவப்பு எரியும்போதே கதவைத் திறந்தேன்.

"அக்கா! ரெக்கார்டிங் போகுது!" என்று டைரக்டர் அலறினார்.

"போகட்டும். கிளி, விளக்கு எரிஞ்சா இறுக்கச் சொன்னேன்ல, அது தப்பு. எனக்கு அதனாலதான் மோசமாச்சு. உனக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. பார்க்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க, நான் கூட்டிட்டுப் போறேன். சார், இந்தத் தேர்வை ஒரு மாசம் தள்ளி வைங்க. இல்லைன்னா ரெண்டு பேருமே சிரிக்கப் போறதில்ல."

டைரக்டர் விளக்கை அணைத்தார்.

கிளி நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா நான் இங்க தண்ணி குடிச்சதில்லக்கா. வீட்ல குழந்தையைத் தூக்கிச் சுத்துனதில்ல. நீங்க சொன்னீங்களேன்னு இறுக்கிக்கிட்டே கிடந்தேன். எல்லாருக்கும் ஒரே கோளாறுன்னு யாரு பார்த்துச் சொன்னது?"

நாத்தனாரின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்று ஆறு வாரமாக நான் வைத்திருந்த கேள்வி அது, ஒரு சொல் மாறாமல்.

"யாரும் பார்க்கல" என்றேன். "நான்தான் சொன்னேன்."