போத்தனூர் பிளாட்பாரம்

பம்பாய் மாதுங்காவில் தமிழர் சங்கம் ஒன்று மாதம் ஒரு ஞாயிறு மாலை புது நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியிருந்தது. அறுபது தாண்டியவர்கள் மேடையேறித் தங்கள் சிறுவயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். "கற்பனை கூடாது, நடந்ததை மட்டும் சொல்லுங்கோ" என்று காரியதரிசி பஞ்சு ஒவ்வொரு தடவையும் மைக்கில் சொல்வார். அறுபத்துநாலாம் வருஷம் அது. நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்று கேட்டார்கள்.

அனந்தநாராயணன் பேர் கொடுத்தபோது, பம்பாய் வந்து வேலை தேடி அலைந்ததைச் சொல்லப்போகிறார் என்றுதான் அவர் மனைவி வாலாம்பாள் நினைத்தாள். பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என் ஆத்துக்காரி ரயிலேறி ஓடிப்போன கதை சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தார் அவர்.

சபை நிமிர்ந்தது. வாலாம்பாள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்போ இவளுக்குப் பதிமூணு வயசு. பாலக்காட்டுல எங்காத்துக்கு வந்து ஆறு மாசம் ஆகலை. காலம்பற புழைக்கரைக்குப் போறேன்னு குடத்தை எடுத்துண்டு கிளம்பினவ, நேரா ஒலவக்கோடு ஸ்டேஷனுக்கு நடந்துட்டா. இவ பொறந்தகம் ஷொரணூர்ல. ஆனா ஏறினது எதிர்த்திசையில போற கோயமுத்தூர் வண்டி! எங்கப்பா என்னை அனுப்பினார். ஸ்டேஷன் ஸ்டேஷனா விசாரிச்சுண்டு போய்ப் போத்தனூர்ல இறங்கிப் பாக்கறேன், இடுப்புல குடத்தோட பிளாட்பாரத்துல நிக்கறா. டிக்கெட் எங்கேன்னு கேட்ட ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட என்ன சொன்னாளாம் தெரியுமோ? 'ஜலம் எடுக்க வந்தேன்!'"

கூடமே அதிர்ந்தது. பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமி, ஒரு நிமிஷம் எழுந்திருங்கோ" என்றார். வாலாம்பாள் எழுந்து நின்றாள். கைதட்டல் ஓயும் வரை நின்றாள்.

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வீட்டுக்கு நடக்கையில் கேட்டாள்.

"ஏன்னா, எங்கம்மா முடியாம கெடந்ததைச் சொல்லலையே?"

"அது வேற கதைடி. அதைச் சொன்னா யார் சிரிப்பா?"

அவளுக்கு இரண்டும் ஒரே கதை. பிரசவமாகி ஜுரத்தில் விழுந்த அம்மா இவள் பெயரைச் சொல்லி அரற்றுகிறாள் என்று அண்ணா வந்து கூப்பிட்டான். வாசலில் நிற்கவைத்தே பேசி, அமாவாசை கழியட்டும் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள் மாமியார். குடம் இல்லாமல் அந்த வீட்டைவிட்டு வெளியே போக வழியில்லை. போத்தனூரிலிருந்து கூட்டிவந்த மறுநாள் சேதி வந்தது. அவள் ஷொரணூர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்தாகிவிட்டது.

கதை பரவியது. மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவர்கள் "ஜலம் எடுக்க வந்தேளா மாமி?" என்று சிரித்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அவளும் சிரித்து வைத்தாள். அடுத்த மாதம் செம்பூர் சங்கத்திலும் அதைச் சொல்லக் கூப்பிட்டார்கள்.

"நீயும் வந்து ரெண்டு வார்த்தை பேசு. உனக்கு என்ன சொல்லணுமோ அதை நீயே சொல்லிடேன்" என்றார் அனந்தநாராயணன். மனசாரத்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அரிசி களையும்போதும் துணி உலர்த்தும்போதும் அவள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்தாள். செம்பூரில் அவர் பேசி முடித்துச் சிரிப்பு அடங்குமுன், கூட வந்திருந்த பஞ்சு மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

"அன்னிக்கு நான் குடத்தை எடுத்துண்டு..." என்றாள்.

குடம் என்றதுமே சிரிப்பு மறுபடி வெடித்தது. காத்திருந்தாள்.

"எங்கம்மா பிரசவ ஜுரத்துல கெடந்தா. பாக்கணும்னு கேட்டேன். அனுப்பலை. அதான் போனேன். வண்டி மாறி ஏறிட்டேன். அதனால பாக்கலை."

இன்னும் சொல்ல இருந்தது. வாரமெல்லாம் சேர்த்தவற்றில் ஒன்றுகூட அப்போது கைக்கு அகப்படவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையைத் தேடினாள். அனந்தநாராயணன் சங்கடத்தில் நெளிந்தார். சட்டென்று மைக்குக்குக் குனிந்தார்.

"பாத்தேளா? அம்பது வருஷம் ஆகப்போறது, மாமியார் மேல கம்ப்ளெயின்ட் இன்னும் தீரலை!"

விட்டால் போதும் என்று காத்திருந்தாற்போல் சபை சிரித்தது. வாலாம்பாள் மைக்கை விட்டு விலகினாள். பிறகு படியிறங்கினாள்.

அதற்கடுத்துக் கூப்பிட்ட காட்கோபருக்கு அவள் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் போனவர் தோளில் சால்வையோடு திரும்பினார். முகம் பூரித்திருந்தது.

"வாலாம்பா, இன்னிக்கு ஒருத்தர் பாக்கியில்லாம அழுதா!"

"எதுக்கு?"

"உங்கம்மாவுக்காகத்தான். நீ செம்பூர்ல சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். நியாயம்னு பட்டுது. கடைசியில அதைச் சேர்த்துண்டேன். நீ போறதுக்குள்ள அவா கண்ணை மூடினது, எங்கம்மா உன்னைக் கட்டிண்டு 'தப்புப் பண்ணிட்டேனே'ன்னு கதறினது..."

"உங்கம்மா அழலையே."

"உள்ளுக்குள்ள அழுதிருப்பாடி."

"என்னைக் கட்டிக்கவும் இல்லை."

அவர் சால்வையை மடிக்க ஆரம்பித்தார். "அப்படி முடிச்சாத்தான் ஜனங்களுக்குத் தாங்கும். உனக்காகத்தானே சொன்னேன்?"

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. நல்லது செய்துவிட்டு வந்து நிற்கிற முகம். அதை வைத்துக்கொண்டு எங்கே சண்டை தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடந்ததைத் தெரிந்தவர்களில் மிஞ்சியிருந்தது அவர்கள் இருவர்தான். இனி அவள் ஒருத்திதான்.

"கையலம்பிண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன குழம்பை அடுப்பில் வைத்தாள்.