உப்புப் பார்க்காத பிரியாணி

1

1999 டிசம்பர் 25, மாலை ஐந்து ஐம்பது. இந்தக் கதையில் எல்லோரும் பசியோடு இருக்கிறார்கள்.

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி, "அந்தக் கிறிஸ்துமஸ் பிரியாணியில உப்பு…" என்றாள். மற்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இறங்கும்வரை சிரித்தார்கள். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. பெயர்கள் உட்பட.

2

டிசம்பர் பனியில் சம்பா வயல்கள் தலை சாய்ந்து—

(வேண்டாம். இது அடுப்படிக் கதை.)

மரியபுஷ்பமும் சஃபியாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. இருவரின் கணவர்கள் அருளப்பனுக்கும் ஜாஃபருக்கும் ஷார்ஜாவில் ஒரே அறை. புஷ்பம் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு சஃபியாதான் வந்து பிரியாணி தம் போடுவாள். சஃபியா வீட்டுப் பெருநாளுக்கு அதிரசம் புஷ்பத்தின் பொறுப்பு. அந்த வருடம் கிறிஸ்துமஸ் நோன்பு மாதத்துக்குள் வந்தது.

முதல்நாள் போனில் அருளப்பன் மனைவியிடம் சொன்னான்:

"ஜாஃபர் நோன்பு வச்சிருக்கான் புஷ்பம். அவன் எதிர்ல எனக்குச் சோறு எறங்கல. நானும் சாயங்காலம்தான் சாப்பிடுறேன்."

புஷ்பம் போனை வைத்தாள். விருந்தை மாலைக்கு மாற்றினாள்.

3

திருச்சி பொன்மலையிலிருந்து அருளப்பனின் அண்ணன் சவரிநாதன் வந்திருந்தார். மதியம் தாண்டியும் இலை விழவில்லை.

(முதல் பிரதியில் இவரை வில்லனாக எழுதியிருந்தேன். பசித்தவனை வில்லன் என்பது நியாயமில்லை.)

"ஏம்மா, கிறிஸ்துமஸ் நமக்கா, அவங்களுக்கா?"

"நமக்குத்தான் மாமா. சமைக்கிறவ பட்டினி கெடக்க நாம மட்டும் எப்படி? முறுக்கு எடுத்துக்குங்க."

"முறுக்குத் திங்கவா திருச்சியிலேருந்து வந்தேன்? தம்பி இருந்தா இப்படி நடக்குமா?"

"அவரும் அங்க பட்டினிதான்."

"நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்புறேன்." சட்டையை மாட்டினார்.

கணவன் வழியில் புஷ்பத்துக்கு இருக்கும் ஒரே உறவு அவர். கோபித்துக்கொண்டு படியிறங்கினால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இந்த வாசலுக்கு வர ஆள் இல்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இலையை எடுக்கவில்லை.

கொல்லையிலிருந்து சஃபியாவின் குரல் வந்தது.

"அண்ணே, போறதுதான் போறீங்க, இந்த அடுப்ப ஒரு ஊது ஊதிட்டுப் போங்க. எனக்கு வாயெல்லாம் வறண்டு கெடக்கு."

ஊதினார். பிறகு விறகை உள்ளே தள்ளினார். பிறகு, தம்முக்குக் கொட்டாங்கச்சித் தணல் போதாது என்று அவரே தகராறு செய்தார். அடுப்பு ஊதியவன் பானையை விட்டுப் போக மாட்டான். பஸ் போனது.

4

இடையில் நடந்ததை நீங்கள் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அரிசி போடுமுன் சஃபியா கரண்டியில் உலைநீரை நீட்டினாள். "உப்புப் பாருங்கக்கா."*

புஷ்பம் திரும்பி நின்று அதை வாழைக்கன்றுக்கு ஊற்றினாள். காலையில் பூசையில் வாங்கிய நற்கருணை அப்பத்துக்குப் பிறகு அவள் நாக்கில் எதுவும் படவில்லை. படவிடப்போவதும் இல்லை. இதை சஃபியாவிடம் சொன்னால் திட்டுவாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

(* நோன்பிலும் சமைக்கிறவர் நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று சலுகை உண்டு. சஃபியா சலுகை வாங்குகிறவள் அல்ல.)

5

முடிவு. ஒன்று எழுதினேன்: வாசலில் ஆட்டோ நிற்க, பெட்டியோடு அருளப்பனும் ஜாஃபரும்—

அடித்துவிட்டேன். அவர்களுக்கு லீவு ஏப்ரலில்தான்.

உப்பே இல்லை என்று எழுதலாம். வாயில் வைக்க முடியாமல் கரித்தது என்றும் எழுதலாம். அளவாக இருந்தது என்று எழுத மாட்டேன். அதற்குப் பஸ்ஸில் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்:

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. சஃபியா பேரீச்சம்பழத்தைப் பிட்டு, பாதியைப் புஷ்பத்திடம் கொடுத்தாள். இலைகள் விழுந்தன. தம் உடைத்ததும் தெருவே மணத்தது. மதியம் கத்திய சவரிநாதன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க மாமா" என்றாள் புஷ்பம்.

"இரும்மா. தங்கச்சி மொதல்ல வாயில வைக்கட்டும்."

சஃபியா சிரித்தாள். "ஊதினவரு நீங்க. நீங்க வைங்கண்ணே."

அவர் ஒரு பெரிய பிடியாக அள்ளி வாயில் வைத்தார். மெல்லத் தொடங்கினார். நிறுத்தினார். புஷ்பம் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, உப்பு எப்படி?"