ஜன்னிக்கு எந்த ஊசி

மலையிலிருந்து இறங்கிவந்த பன்னிரண்டு செவிலியரும் பதினான்காம் கேள்வியில் விழுந்திருந்தார்கள். ஒருத்தி பாக்கியில்லை. பன்னிரண்டு தாளிலும் ஒரே விடை, 'அ'. சொல்லிவைத்து எழுதினாற்போல.

கள்ளக்குறிச்சியில் இருந்த அந்த மையத்துக்கு வேலையே செவிலியர்களுக்குத் தொடர்கல்வி கொடுப்பதுதான். மூன்று நாள் பாடம், நான்காம் நாள் காலையில் இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, சரியானதைச் சுழிக்க வேண்டும். நாற்பது பேர் எழுதினார்கள். இருபதில் மூன்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கும். நட்சத்திரக் கேள்வியைத் தவறவிட்டால் மற்ற பத்தொன்பதும் சரியாக இருந்து பிரயோசனம் இல்லை, மூன்று மாதம் பிரசவ அறைக்குள் கால் வைக்கக் கூடாது. பதினான்கு நட்சத்திரக் கேள்வி.

தாள் திருத்தியவள் மெகருன்னிசா. பாத்திரக் கடை சாதுல்லாவின் மகள், அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, இரண்டு வருஷமாக இங்கே ஒப்பந்தத்தில் ஆசிரியை. அவள் கையெழுத்தில்லாமல் பட்டியல் மேலே போகாது.

"போடு பாப்பா. அஞ்சு மணிக்குத் தபால் கட்டணும்" என்றார் மையத்தின் பொறுப்பாளர் தெய்வசிகாமணி.

"பேரு மெகருன்னிசா சார்."

"சரி தாயே, போடு."

"பன்னெண்டு பேரையும் நிறுத்திட்டா வெள்ளிமலைப் பக்கம் யாரு சார் பிரசவம் பாக்கறது?"

"கீழ வரட்டும். ரோடு இருக்குது, ஜீப்பு இருக்குது."

இடுப்பு வலியோடு அந்த வளைவுகளில் ஜீப்பில் குலுங்குவது என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வயிறு முன்தள்ளி இருப்பதற்குக் காரணம் வேறு.

அப்போதுதான் பெரியம்மாள் உள்ளே வந்தாள். வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு துணைச் சுகாதார மையத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிரசவம் பார்ப்பவள். தோளில் பை, கையில் திருத்திய தாள்.

"இன்னாம்மா இது? ஜன்னி கண்டவளுக்கு மெக் சல்ப் போடறது தப்பா? கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நொரை தள்ளுது, நான் ஆன்டிபயாட்டிக்க வச்சிக்கினு ஊதிக்கினு நிக்கணுமா? நீங்கதானே முந்தாநேத்து போர்டுல எழுதிப் போட்டீங்க, வலிப்புக்கு மொதல்ல இந்த ஊசின்னு?"

மெகருன்னிசாவுக்குச் சுருக்கென்றது. கேள்வித்தாளை எடுத்துப் படித்தாள். 'பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்ட தாய்க்கு முதலில் தரவேண்டியது எது?' அ, மெக்னீசியம் சல்பேட் ஊசி. ஆ, ஆன்டிபயாட்டிக் ஊசி. இ, காய்ச்சல் மாத்திரை. ஈ, மேற்கண்ட அனைத்தும். சரியான விடை ஆ என்று விடைக்குறிப்பில் இருந்தது.

ஆங்கிலத்தில் வந்த கேள்வி அது. கர்ப்பப்பையில் கிருமி ஏறி, காய்ச்சல் முற்றிப் பிதற்றுகிறவளைப் பற்றியது. அதைத் தமிழாக்கும்போது, வாயில் நுழையாத புத்தகத் தமிழில் எதற்கு என்று 'ஜன்னி' என்ற சொல்லைப் போட்டது வேறு யாருமில்லை, அவளேதான். அவள் வீட்டில் ஜன்னி என்றால் காய்ச்சல் மண்டைக்கேறிப் பிதற்றுவது. தம்பிக்கு டைபாய்டு வந்தபோது "ஜன்னி கண்டு பெனாத்துறான்" என்று அம்மா தெருவையே கூட்டினாள். மலையில் ஜன்னி என்றால் வலிப்பு. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்றுக்கு ஒரு ஊசி, இன்னொன்றுக்கு வேறு ஊசி.

"காய்ச்சல், கெட்ட வாடை, பெனாத்தல்... அதுக்கு உங்க பக்கம் இன்னா சொல்லுவீங்க?"

"பச்ச ஒடம்புக் காச்சல்னுவோம். அதைக் கேட்டிருந்தா கண்ண மூடிக்கினு 'ஆ' போட்டிருப்பமே!"

தெய்வசிகாமணி சிரித்தார். "விடை தெரிஞ்சப்புறம் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. ஏம்மா, காய்ச்சக்காரிக்கு அந்த ஊசியப் போட்டு மூச்சு நின்னு போனா யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டதும் தப்பில்லை. நட்சத்திரம் சும்மா போட்டதல்ல. மெகருன்னிசா நாற்பது தாளையும் தரையில் பரப்பினாள். மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே இருந்து பதினொன்று, கீழே இருந்து பதினொன்று எடுத்தாள். நல்ல கேள்வி என்றால் நன்றாகப் படித்தவர்கள் அதில் சரியாக எழுதுவார்கள், படிக்காதவர்கள் தடுமாறுவார்கள். கல்லூரியில் இதற்குக் கணக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மேல் பதினொன்றில் பதினான்காம் கேள்விக்குச் சரியாக எழுதியவர்கள் இரண்டு பேர். கீழ்ப் பதினொன்றில் எட்டுப் பேர்!

மேலே தப்பாக எழுதிய ஒன்பதும் மலைக்காரிகளின் தாள். டாக்டர் இல்லாத ஊரில் தினம் தினம் கையால் செய்வதைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள், அதனால்தான் முதல் வரிசையில் இருந்தார்கள். அவர்களை விழவைத்துவிட்டு, பத்துக் கேள்விகூடத் தேறாதவர்களைத் தூக்கிவிட்டிருந்தது இந்த ஒரு கேள்வி.

"கேள்வி தப்பு சார். இதை நீக்கிட்டுப் பத்தொன்பதுக்கு மார்க் போடணும்."

தெய்வசிகாமணி கதவைப் பார்த்தார். பெரியம்மாளை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தைய யாரு போட்டது?"

"நான்தான்."

"மேல போனா முதல் கேள்வி அதுதான் வரும். மார்ச்சுல உன் ஒப்பந்தம் முடியுது. நானே வாயத் தொறக்கல, நீ எதுக்குத் தொறக்கற? மூணு மாசம் போனா அவங்களே திரும்பி வந்து பாஸாயிட்டுப் போறாங்க."

"அந்த மூணு மாசத்துல பிரசவம் நிக்குமா சார்?"

"ஒருத்தி கத்தினான்னு சட்டத்த மாத்த முடியுமா?"

"ஒருத்தி வேணாம். பன்னெண்டு பேரையும் கேட்டுடலாம்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் வகுப்பறையில் நின்றாள். நாலரை மணி வெள்ளிமலை பஸ்ஸுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்தாள். பலகையில் எழுதினாள்: பிரசவமாகி மூன்றாம் நாள், காய்ச்சல் நூற்றுமூன்று, தீட்டில் கெட்ட வாடை, பிதற்றுகிறாள், வலிப்பு இல்லை. முதலில் எது? விடைகள் அதே நான்குதான். வரிசையை மட்டும் மாற்றிப் போட்டாள், காலையில் பார்த்த எழுத்தை வைத்து யாரும் சுழிக்கக் கூடாது என்று.

"மறுபடியுமா?" என்று சலித்தாள் பூமாலை. "பஸ்ஸு போச்சுன்னா எங்கள உங்க வூட்டுக்குத்தான் இட்டுக்கினு போவணும் டீச்சர். பன்னெண்டு பேருக்கும் சோறு வடிக்கணும், பாத்துக்குங்க."

"வடிக்கறேன். முதல்ல எழுதுங்க."

தெய்வசிகாமணி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம். பதினொரு பேர் ஆன்டிபயாட்டிக். பாப்பாத்தி மட்டும் காய்ச்சல் மாத்திரை.

"பாத்தியா, ஒண்ணு தப்பு" என்றார் அவர்.

"ஆமா சார், தப்புதான். மறைக்கப் போறதில்ல." பாப்பாத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "ஏங்க்கா மாத்திரை போட்டீங்க?"

"நூத்திமூணு இருக்குதே, மொதல்ல சூட்ட எறக்கிட்டு அப்புறமா ஊசின்னு நெனச்சேன்."

"சூடு எறங்கும், கிருமி எறங்காது. உங்களுக்கு மட்டும் நான் திங்கக்கிழமை மேல வந்து ஒரு நாள் பாடம் எடுக்கறேன். அதுவரைக்கும் பெரியம்மாக்கா கூட இருந்து பாருங்க."

மேசைக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை இழுத்தாள். பதினான்காம் கேள்வியில் 'ஜன்னி' என்ற சொல் இரு பொருள்பட அமைந்துவிட்டது என்று எழுதினாள். மேல் பதினொன்று, கீழ்ப் பதினொன்று கணக்கை எழுதினாள். மறுதேர்வில் பதினொருவர் சரி, ஒருவர் தவறு, பெயர் பாப்பாத்தி. கேள்வியை நீக்கி மதிப்பெண் போட வேண்டும், எவரையும் பிரசவ அறையிலிருந்து நிறுத்தக் கூடாது. கடைசியாக, அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான், விளக்கம் கேட்பதென்றால் என்னிடம் கேட்கவும். கீழே முழுப்பெயர், சா. மெகருன்னிசா.

பழைய பட்டியலைக் கையெழுத்தில்லாமல் அவர் பக்கம் தள்ளினாள். புதிய தாளை அதன்மேல் வைத்தாள்.

"ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவு ஆட்டம்?"

"ஒரு வார்த்தைக்காகத்தானே சார் பன்னெண்டு பேர நிறுத்தப் பாத்தீங்க."

"நான் இத அனுப்பலன்னா?"

"நானே எடுத்துக்கினு போறேன். மாவட்ட ஆபீஸ் இன்னா விழுப்புரத்துலயா இருக்குது? தனி மாவட்டம் ஆயாச்சு, நடந்தே போயிடுவேன். பொறுப்பாளர் வாங்க மாட்டேன்னாருன்னும் சேத்து எழுதிக் குடுப்பேன்."

வாசலில் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரியம்மாள் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தெய்வசிகாமணி தாளை இரண்டு தரம் படித்தார். இழுப்பறையைத் திறந்தார், மூடினார். பிறகு ஓரத்தில், எறும்பு ஊர்ந்தாற்போல, 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் தாள் கோப்பில் ஏறியதாக அர்த்தம், அப்புறம் யாரும் அதை விழுங்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தாளைத் திருப்பிப் பார்த்தாள் மெகருன்னிசா. மறுபடி அவர் முன்னாலேயே வைத்தாள்.

"தேதியும் போடுங்க சார்."