சம்பந்திகளைச் சேர்த்துவைத்த மஞ்சள்

துறைமுகத்துப் பழைய கலங்கரை விளக்கத்தை இடிக்காமல் புதுப்பிப்பது என்று முடிவானபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: முதன்முதலில் அடித்த நிறத்தையே மறுபடியும் அடிக்க வேண்டும். அது என்ன நிறம் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு பெயின்டரிடம் வந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவருக்குப் பயந்து அல்ல, வீட்டுக்குப் பயந்து.

அவளுடைய அப்பா முப்பது வருஷம் இழுவைப் படகு ஓட்டியவர். ஆதியில் இருந்தது கறுப்புப் பட்டை என்பார். கிரேன் ஓட்டிய மாமனாரோ சிவப்பு என்பார். அவளுடைய கல்யாணத்தன்று மூண்ட இந்த வாக்குவாதத்தில், சம்பந்திகள் ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"தாராளமா சுரண்டும்மா, சிவப்பு தானா வரும்," என்றார் மாமனார்.

அப்பா போனில் சொன்னார்: "கறுப்பு வந்ததும் போட்டோ எடுத்து உன் மாமனாருக்கு அனுப்பிடு. நான் அனுப்பினா நல்லா இருக்காது."

சாரத்தில் ஏறி, உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய கத்தியால் சுரண்டத் தொடங்கினாள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மறுபடியும் சிவப்பு. பதினோராவது அடுக்கு கறுப்பு. அப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தபடி இன்னொரு முறை கத்தியை ஓட்டினாள். அடியில் பளிச்சென்று மஞ்சள். அதற்குக் கீழே வெறும் கல். ஏதாவது கறையோ என்று சந்தேகப்பட்டு இன்னும் மூன்று இடங்களில் பார்த்தாள். எங்கும் மஞ்சள்தான். சாரத்திலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சேதியை இருவருக்கும் சொன்னாள். இருவரும் "இருக்கவே இருக்காது" என்று சொல்லிப் போனை வைத்தார்கள்.

மறுநாள் காலை கீழே எட்டிப் பார்த்தால், அப்பாவும் மாமனாரும் ஜோடியாக வந்துகொண்டிருந்தார்கள். துறைமுக அலுவலகத்தில் மஞ்சளை எதிர்த்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆதாரம் ஆதாரம்தான்" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"நேர்ல பார்த்துடலாம், சம்பந்தி," என்றார் அப்பா. சாரத்தில் ஏறும்போது மாமனாரின் கால் இடறியது. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்து, அந்தப் பலகை ஆடுது."

அவள் கொடுத்த பூதக்கண்ணாடி கை மாறியது. சுரண்டிய நாலு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"மஞ்சள்தான்," என்றார் மாமனார்.

"ஆமா. நல்ல மஞ்சள்," என்றார் அப்பா.

பெயின்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

பெயின்ட் அடித்த மூன்று வாரமும் இருவரும் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, அவளை ஒரு வேலை செய்யவிடவில்லை. அந்த மூலையில் திட்டாகத் தெரிகிறது, இந்த ஜன்னலோரம் இன்னொரு கோட்டிங் வேண்டும் என்று ஒரே குரலில் அதிகாரம். சாரத்தைப் பிரித்த அன்று காலை வெயிலில் கோபுரம் தகதகவென்று நின்றது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், "இதுக்குப் போய் யாருங்க மஞ்சள் அடிச்சது?" என்று முணுமுணுத்தார்.

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். "முதல்ல இருந்தே மஞ்சள்தான்," என்றார் மாமனார்.

"எங்களுக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.