கடைசி ஆறு லோடு மணல்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனவில் வந்தது, பேருந்தில் பார்த்த ஒரு முகத்திலிருந்து வந்தது என்றெல்லாம் சொன்னால் கதைக்குக் கொஞ்சம் களை கூடும். ஆனால் வந்தது படிவம்தான். பதினோரு பக்கம், நீல மை.

மாநில அரசின் கழிவுப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். (எந்த மாநிலம் என்று சொல்லப்போவதில்லை. அமெரிக்காவின் வடக்கே, ஏரிகள் நிறைய, அரை வருடம் பனி. அவ்வளவு போதும்.) என் மேசைக்கு வந்ததெல்லாம் ஒரே கேள்வி: இன்னார் தூக்கிப்போடுவதை இன்னார் எடுத்துப் பயன்படுத்தலாமா? எங்கள் சட்டத்தில் தூக்கிப்போட்டது எல்லாமே கழிவு. அது வேறொரு வேலைக்கு உதவும், யாருக்கும் கெடுதல் செய்யாது என்று ஒருவர் நிரூபித்துவிட்டால், சொன்ன இடத்தில் சொன்ன வேலையில் இருக்கும்வரை அது கழிவில்லை. சொன்னது தவறினால் மறுபடி கழிவு. மணல் அதே மணல்தான், பெயர்தான் மாறும். எந்த நொடியில் மாறுகிறது? லாரியில் ஏறும்போதா, தரையில் கொட்டும்போதா, நான் கையெழுத்துப் போடும்போதா? பத்தொன்பது வருடமும் இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

படிவத்தின் ஏழாம் கேள்வி இது: 'இப்பொருள் கிடைக்காவிட்டால் இதற்குப் பதில் எதைப் பயன்படுத்துவீர்கள்?' ஜல்லி என்று எழுதுவார்கள், கிராவல் என்று எழுதுவார்கள். டெல்பர்ட் ஜாஸ்ட்ரோ என்பவர் எழுதியிருந்தார்: 'எதுவுமில்லை. சேறுதான்.'

சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன். இரண்டுக்கும் நடுவே இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'கரிய மணல் மழைபோலச் சரசரவென்று இறங்கியபோது—'

வேண்டாம். அந்த மணல் இறங்கியதை நான் பார்த்ததே இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் முயற்சி: 'கழிவு என்று மனிதர்கள் எதை அழைக்கிறார்கள் என்பது அவர்களுடைய—'

இது கட்டுரை. அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும்.

மூன்றாவதாக மார்லிஸிடமிருந்து தொடங்கிப் பார்த்தேன். கதை நகர்ந்தது.

மார்லிஸ் ஜாஸ்ட்ரோ டெல்பர்ட்டின் அக்கா. அறுபத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் தனி வீடு. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஏப்ரலில் பனி உருகினால் வீட்டுக்குப் போகும் மண்பாதை தண்ணீருக்குள் போய்விடும். படிவம் வந்த வருடம் ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்தது. வாத்து வேட்டைக்கு வைத்திருந்த தட்டைப் படகைக் கொண்டுவந்து டெல்பர்ட் அக்காவை ஏற்றி இழுத்துப் போனார்.

பின்னாளில் மார்லிஸே அதை என்னிடம் சொன்னார்: "இவன் இடுப்பளவு ஐஸ் தண்ணியில நின்னு இழுக்கிறான். நான் கம்பளியப் போத்திக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்கேன். 'ஏதாவது பாடேன், அலுப்புத் தெரியாம இருக்கும்'ங்கறான். 'நீ முதல்ல மூச்சு விடுடா, பாட்டு அப்புறம்'னேன்."

மே மாதம் டெல்பர்ட், தான் முப்பது வருடம் வேலை பார்த்த பவுண்டரிக்குப் போய் மணல் கேட்டார். இரும்பு வார்க்க அச்சாக இருந்து ஓய்ந்த கருமணல். சாலைக்கு அடியில் நன்றாக இறுகும். பவுண்டரிக்கோ அது தலைவலி. எடுத்துக்கொள் என்றார்கள். பிறகு படிவம், பரிசோதனைத் தாள், என் அனுமதி. ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் சாலை முடிந்தது. கால் மைல் தூரம், நூற்று முப்பத்திரண்டு லோடு. அடுத்த ஏப்ரலில் தண்ணீர் ஏறியது. சாலை மேலே நின்றது. மார்லிஸ் தானே காரை ஓட்டிக்கொண்டு டயாலிசிஸுக்குப் போய்வந்தார்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. அரசாங்கத் துண்டுப் பிரசுரத்தில் படத்தோடு போடலாம்.

3

ஜூன் மாதம் கியா லோர் அங்கே போனார். எங்கள் பிரிவின் கள ஆய்வாளர். வயது முப்பத்து நான்கு. லாவோஸிலிருந்து குடியேறிய ஹ்மாங் விவசாயக் குடும்பத்துப் பெண், கூட்டல் கழித்தல் இல்லாமல் பேசுகிறவர். வழக்கமான சோதனைதான். மூன்று இடத்தில் துளை போட்டு மூன்று ஜாடியில் மாதிரி எடுக்கவேண்டும். மூன்று இடமும் சாலையின் முன்பாதியில். (அந்தத் திட்டத்தை வரைந்தது நான்.)

கூடவே நடந்துவந்த டெல்பர்ட்டிடம், கடைசி ஜாடியின் மூடியைத் திருகியபடி கியா சொன்னார்: "அவ்ளோதான் டெல்பர்ட். ரோடு பிரமாதமா போட்டிருக்கீங்க. ரொம்ப நன்றி."

டெல்பர்ட் நகரவில்லை.

"இன்னொரு இடத்துல தோண்டணும் நீங்க."

"என் லிஸ்ட்ல மூணுதானே இருக்கு."

"லிஸ்ட்ல இருக்காது. வீட்டுப் பக்கம், கடைசி அறுபது அடி. ஆறு லோடு. அது இரும்பு மணல் இல்ல."

"பின்ன?"

"பித்தளை வார்த்த மணல். பவுண்டரியோட ரெண்டாம் கொட்டகை. முப்பது வருஷம் மூக்குல ஏறின வாசனை. கொட்டும்போதே தெரிஞ்சுபோச்சு."

"எப்பக் கொட்டினாங்க?"

"அக்டோபர்ல."

கியா திட்டவில்லை. "கிணறு எங்க?" என்று மட்டும் கேட்டார். டெல்பர்ட் கையைக் காட்டினார். மணல் முடியும் இடத்திலிருந்து நாற்பது அடி.

[ஒரு குறிப்பு. சதி எதுவும் இல்லை. இரும்புக் குவியல் தீர்ந்துபோனதால் லோடர் ஓட்டியவர் பக்கத்துக் குவியலிலிருந்து அள்ளிவிட்டார். அந்தப் பவுண்டரியின் பித்தளையில் ஈயம் உண்டு. அது மணலில் தங்கும், மெல்லத் தண்ணீருக்கு இறங்கும். டெல்பர்ட்டின் படிவத்தோடு வந்த பவுண்டரி வரைபடத்தில் இரண்டு கொட்டகைகள் இருந்தன. பரிசோதனைத் தாளில் ஒன்றின் எண் மட்டுமே இருந்தது. 'இன்னொன்றில் என்ன?' என்று கேட்க ஒரு போன் போதும். நான் போடவில்லை.]

4

இந்த இடத்தில்தான் டெல்பர்ட்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆள்மேல் அல்ல, பாத்திரத்தின்மேல். எட்டு மாதம் வாய் திறக்காதவர், தப்பித்துவிட்ட நேரம் பார்த்து ஏன் சொல்கிறார்? வாசகர் நம்பமாட்டார் என்று வேறு மாதிரி எழுதினேன். அதில் கியா மணலில் பச்சைத் தூளைக் கண்டு புருவத்தைச் சுருக்கினார், குனிந்தார், விரலால் தொட்டு—

துப்பறியும் கதையாகிவிட்டது. இரண்டு பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு டெல்பர்ட்டுக்கே போன் செய்தேன்.

"அக்டோபர்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா லாரி நின்னுரும். நவம்பர்ல தரை உறைஞ்சுரும். அப்புறம் ஏப்ரல். மறுபடி படகா?"

"சரி, ஜூன்ல ஏன் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு நன்றின்னு சொல்லிச்சு. வேற எது சொல்லியிருந்தாலும் பேசாம இருந்திருப்பேன்," என்றார்.

இதை நான் கற்பனை செய்திருக்கமாட்டேன். அப்படியே வைத்துவிட்டேன்.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டுக்கு இரண்டு கேன் குடிநீர் கொண்டுபோனார். "கிணத்துத் தண்ணியில இரும்பு ஜாஸ்தி, உன் கிட்னிக்கு ஆகாது" என்பது அவர் சொன்ன காரணம். சோதனைக்கு வந்த அன்றைக்குக் கியா மார்லிஸின் சமையலறைக்குள் போய் முதலில் கேட்டதே அந்தக் கேன்களைப் பற்றித்தான்.

"அதுவா? செத்த தண்ணி, ஒரு ருசியும் இல்ல," என்றார் மார்லிஸ். "இவன் மனசு கோணக்கூடாதுன்னு வாங்கி வெச்சுப்பேன். எல்லாத்தையும் ஜெரேனியம் செடிக்கு ஊத்திட்டேன். பாருங்க, எப்படிப் பூத்திருக்குன்னு."

டெல்பர்ட் கதவோரம் நின்று அந்தப் பூக்களைப் பார்த்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று கியாவிடம் மூன்று முறை கேட்டேன். "அத எழுதாதீங்க," என்றார். எழுதவில்லை.

அதன்பிறகு கியா மார்லிஸிடம் உண்மையைச் சொன்னார். மார்லிஸ் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, தம்பியிடம் ஒரே வார்த்தை சொன்னார்: "போ."

ஆறு வாரம் அவரோடு பேசவில்லை.

5

சோதனை முடிவுகள் வந்தன. அந்த அறுபதடி மணலில் ஈயம் அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு. கிணற்றில் இல்லை. மார்லிஸின் ரத்தத்திலும் இல்லை. ஆனால் ஈயம் அவசரப்படாது.

கதைக்கு இரண்டு முடிவு சாத்தியம் என்று நினைக்கிறேன். சட்டமும் இரண்டுதான் கொடுத்தது.

முடிவு அ: மணலை அங்கேயே விட்டு, மேலே இரண்டடி களிமண் போட்டு மூடிவிடுவது. மணல் 'பயன்பாட்டில்' இருக்கும். அனுமதி செல்லும். நான் இதைத்தான் பரிந்துரைத்தேன். சாலை உடையாது, மார்லிஸுக்குச் சிரமமில்லை என்று அரைப் பக்கம் காரணம் எழுதியிருந்தேன்.

கியா தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"களிமண் போட்டு மூடறது மணலையா, உங்க கையெழுத்தையா?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

முடிவு ஆ: தோண்டி எடுப்பது. அதுதான் நடந்தது. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மார்லிஸ் டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பியதும் டெல்பர்ட் பொக்லைனை இயக்கினார். வேறு ஆள் வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. திங்கள் காலை ஐந்தரைக்குள் அறுபதடியையும் தோண்டி, மணலைப் பாதுகாப்பான குப்பைக் கிடங்குக்கு அனுப்பி, குழியை ஜல்லியால் நிரப்பியாகவேண்டும். இல்லாவிட்டால் அக்கா டயாலிசிஸுக்குப் போகமுடியாது.

சனிக்கிழமை நானும் போனேன். நானூறுக்கு மேல் அனுமதி கொடுத்திருக்கிறேன். நேரில் போய் நின்ற முதல் இடம் அதுதான். கருமணல் சேற்றோடு சேர்ந்து அள்ளப்பட்டு டிப்பரில் விழுந்தது. (மழைபோல இல்லை. ஈரத்துணி மூட்டையைப் போட்டதுபோல இருந்தது.) எனக்கு வேறு வேலை தெரியாததால் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நண்பகலில் மார்லிஸ் கைத்தடியோடு வந்து குழியின் விளிம்பில் நின்றார்.

"டேய் டெல்பர்ட்! கோணலாப் போகுது."

பொக்லைன் நின்றது.

"எங்க கோணல்?"

"இடது பக்கம். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவளுக்கு நேர்கோடு தெரியாதா?"

"நீ ஓட்டின பஸ் ரெண்டு தடவ பள்ளத்துல இறங்கிச்சே."

"ஒரு தடவதான். இன்னொன்னு மான் குறுக்க வந்தது."

டெல்பர்ட் கொஞ்ச நேரம் பொக்லைனின் கண்ணாடிக் கூண்டுக்குள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இடது பக்கத்தைச் சரிசெய்தார். உண்மையைச் சொன்னால், நாடாவின்படி கோணல் எதுவும் இருக்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு மார்லிஸின் கார் புதிய ஜல்லிமேல் நறநறவென்று போனது.

6

முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் விதி இன்னொன்றைச் சொல்கிறது: கிணற்றை ஆறு மாதத்துக்கு ஒரு தரம், ஐந்து வருடம் சோதிக்கவேண்டும். மூன்று சோதனை முடிந்தது. மூன்றிலும் சுத்தம். இன்னும் ஏழு. எந்தக் கதையும் அத்தனை நாள் காத்திருக்காது. சட்டம் காத்திருக்கும், இந்த விஷயத்தில் அதற்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் அதிகாரியாக இல்லாமல் சும்மா மார்லிஸைப் பார்க்கப் போனேன். டெல்பர்ட் வெளியே கார் டயரை மாற்றிக்கொண்டிருந்தார். மார்லிஸ் இரண்டு டம்ளர் எடுத்துவைத்துக் குழாயைத் திறந்தார்.

"டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர்தான் அளந்து விட்டிருக்கார்," என்றார். "அதுல ஒண்ண உங்களோட குடிக்கலாம்னு."

தன்னுடையதைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். என்னைப் பார்த்தார்.

"தாள்ல சுத்தம்னுதானே போட்டிருக்கு? தாள நம்பறவர்தானே நீங்க?"

இதற்குப்பின் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குடித்தேன். ஒன்றில் காபி போதும் என்றேன். ஒன்றில் டெல்பர்ட் உள்ளே வந்து, கேட்காமலே என் டம்ளரை எடுத்து மடக்கென்று குடித்தார். மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன், குடிக்காததில்கூட. மூன்றையும் அடித்துவிட்டேன்.

தண்ணீர் மேசைமேல் இருக்கிறது. மார்லிஸ் அவசரப்படுத்தவில்லை. நான் எழுந்துகொள்கிறேன், இந்த நாற்காலியில் இதைப் படிக்கிற நீங்கள் உட்காருங்கள்.