கழற்றி வைத்த டிஸ்க்

நீச்சல் குளத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் இடி மாஸ்டர். மற்ற பயிற்சியாளர்கள் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு அலைவார்கள். அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இந்தக் கரையில் நின்று "முழங்கையைத் தூக்கு" என்றால் அந்தக் கரையில் தண்ணீருக்குள் இருக்கிற தலைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட தொண்டை ஒரு மழைக்காலத்தில் கரகரக்க ஆரம்பித்து, மழை நின்ற பிறகும் சரியாகவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, புற்று என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். விட்டுவைத்தால் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

"எடுத்துடுங்க" என்றார் மாஸ்டர். திரும்பி வரும்போது, பேருந்திலிருந்து இறங்குகையில் மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் குழந்தையைப் பிடிப்பதுபோல.

அதே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஒரு வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டிலேயே உட்கார்ந்து, அவள் தருகிற வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அதை வைத்து ஒரு குரலைச் செய்து கைப்பேசியில் போட்டுத் தருவார்கள். அப்புறம் அவர் எழுதுவதை அது அவர் குரலிலேயே பேசும்.

"எவ்வளவு அதிகமா படிக்கிறீங்களோ, அவ்வளவுக்கு உங்க குரலா இருக்கும்" என்றாள். "தொண்டை இன்னும் மோசமாகறதுக்குள்ள ஆரம்பிச்சிடுங்க."

படுக்கையறை ஒலிப்பதிவுக் கூடமானது. எதிரொலி வராமலிருக்க அலமாரிக் கதவுகளைத் திறந்துபோட்டு, கதவின் மேல் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு மாஸ்டர் வியர்க்க வியர்க்க வாசித்தார். எல்லா ஒலிகளும் வர வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட வாக்கியங்கள். பொருளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 'கிழவரின் குடைக்குள் இரண்டு வாத்துகள் உறங்கின.' 'ஞாயிற்றுக்கிழமை என் முழங்கால் கோபமாக இருந்தது.'

"எழுதினவருக்கு என்ன வியாதியோ தெரியல" என்பார் மனைவியிடம். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள்; சட்டத்துக்குத் தகுந்தபடி லென்ஸ் அறுத்துப் பொருத்துவாள். சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு வாசித்ததில் வேடிக்கையானதைக் கேட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது.

ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தவள் கொழுந்தியாள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள். கண்ட இணைப்பையும் அமுக்காதீர்கள் என்று ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்பதுதான் அவள் வேலையில் பாதி; வகுப்பு முடிந்து அவர்கள் அமுக்கியதைச் சரிசெய்வது மீதிப் பாதி. வந்தவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு வைத்த தேநீர் ஆறிப்போனது.

"அத்தான், கடைசியா இதுக்கு எப்ப அப்டேட் போட்டீங்க?"

"அது கேக்கும். நான் 'அப்புறம்'னு அமுக்குவேன்."

"எவ்வளவு நாளா?"

"வாங்கினதுல இருந்து."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். தேங்கிக் கிடந்த அப்டேட்களை எல்லாம் ஏற்றினாள். காலாவதியாகியிருந்த ஆன்டிவைரஸுக்கு உயிர் கொடுத்தாள். என்றைக்கோ யாரோ தந்த சீட்டாட்டம் ஒன்றைத் தூக்கி எறிந்தாள். மாஸ்டருக்குச் சாதாரண கணக்கு ஒன்றைப் போட்டு, புதிதாக எதையும் நிறுவும் அதிகாரமுள்ள கணக்கின் கடவுச்சொல்லை அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

"சொந்த வீட்டுல என்னையே வாடகைக்கு வெச்சிட்டா" என்றார் மாஸ்டர்.

கடைசியில் பையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். "வாரத்துக்கு ஒருநாள் இதுல காப்பி எடுத்து வைங்க. எடுத்ததும் கழட்டிடணும். சொருகியே விட்டா இதுவும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் இதுக்கும் வந்துடும்." இணையத்திலும் ஒரு பிரதி ஏற்றி வைக்கலாம் என்றாள். தன் தொண்டையை ஊரெல்லாம் அனுப்புவதில் மாஸ்டருக்குச் சம்மதமில்லை. இருவரும் கொஞ்சம் முறைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு வந்த வியாதிக்கே பத்தியம் ஒழுங்கா இருக்க மாட்டேங்கறேன். இதுல இதுக்கும் பத்தியமா?"

"அக்கா, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மாஸ்டர் அதை மறந்தும்போனார். தொண்டை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும்; அந்த நேரத்தில் வாசித்துவிடுவார். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. கை வலிக்கிறதென்று ஒலிவாங்கிக்கு ஒரு தாங்கி வரவழைக்கச் சொல்லியிருந்தார். அதற்காகக் காத்திருந்த ஒரு பிற்பகலில், பொருளைச் சேர்க்க முடியவில்லை, முகவரியைச் சரிபார்க்க இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. சந்தேகப்பட அவருக்கு ஒன்றுமில்லை. உண்மையாகவே ஒரு பொருள் வர வேண்டியிருந்ததே. திறந்தார்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பதிவுகள் இருந்த கோப்புறையைத் திறந்து பார்த்தார். கோப்புகளின் பெயர்கள் அவர் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கிறுக்கலாக மாறிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தட்டினார், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. திரை கறுத்து, எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்று எழுத்துகள் வந்து நின்றன.

மாஸ்டர் வாழ்க்கையில் மூழ்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். படத்தில் வருவதுபோல அவர்கள் கூச்சல் போட மாட்டார்கள். சத்தமில்லாமல் உள்ளே போவார்கள். அவரும் அப்படித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"பூட்டிடுச்சு" என்றார். காற்றுதான் வந்தது.

"அத்தான்? சரியா கேக்கல. என்னாச்சு?"

"கம்ப்யூட்டர். எல்லாம். பூட்டிடுச்சு."

அவள் குரல் உடனே மாறியது. "நெட் வயர் சொருகியிருக்கா? புடுங்குங்க. வைஃபை பெட்டியையும் நிறுத்துங்க. புடுங்கிட்டீங்களா? பணம் கிணம் எதுவும் அனுப்பாதீங்க. ஹார்ட் டிஸ்க் எங்க இருக்கு?"

அது சமையலறையில் மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. போனைத் தோளில் இடுக்கியபடி போய் எடுத்து வந்தார். ஒருவேளை மனைவி காப்பி எடுத்திருந்தால்? இருக்கிறதா இல்லையா என்று இப்போதே பார்த்தாக வேண்டும். வயரின் முனை கம்ப்யூட்டரின் துளைக்கு அருகே போய்விட்டது.

"கைல வெச்சிருக்கேன்" என்றார். "சொருகிப் பாக்கறேன்."

"வேணாம்." அவள் கத்தவில்லை, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அத்தான், நான் சொல்றதக் கேளுங்க. இப்ப சொருகினா அதையும் பூட்டிடும். அத அப்படியே பக்கத்து ரூம்ல கொண்டுபோய் வைங்க. நான் வர்ற வரைக்கும் பாக்கணும்னு தோணினாலும் பாக்காதீங்க. கிளம்பிட்டேன்."

மாஸ்டர் கொண்டுபோய் வைத்தார். தன் குரல் அதற்குள் இருக்கிறதா என்று தெரியாமலேயே அதை வைத்துவிட்டு வந்ததுதான் அன்றைக்குச் செய்ததிலேயே கஷ்டமான காரியம் என்று பின்னால் சொன்னார்.

அவள் அலுவலகத்தில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்தாள். மனைவியும் கடையிலிருந்து வந்து சேர்ந்தாள். கொழுந்தியாள் தன் மடிக்கணினியில் டிஸ்க்கை மாட்டினாள். மூன்று தலைகள் திரைமுன் குனிந்தன. கோப்புகள் வரிசையாக இறங்கின, நல்ல பெயர்களோடு. ஒன்றைத் தட்டினாள்.

'கிழவரின் குடைக்குள் இரண்டு வாத்துகள் உறங்கின' என்றது மாஸ்டரின் பழைய குரல், கரகரப்பு முற்றுவதற்கு முந்தையது.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மனைவி அவர் முதுகில் கை வைத்து நின்றாள். கொழுந்தியாள் மட்டும் கோப்புகளின் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அன்று காலை வாசித்தது மட்டும்தான் போயிருந்தது.

கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி முடிப்பதற்குள் அவள் விடுமுறை நாளும் கரைந்துபோயிற்று. போனதை மாஸ்டர் மறுபடி வாசித்தார். சொற்கள் பாதியில் உடைந்தன. நிறுத்தி, வெந்நீர் குடித்து, திரும்ப வாசித்தார். வேண்டிய மட்டும் பேசிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நெடுநாள் அந்த வீட்டில் பலப்பமும் சிலேட்டும்தான் பேசின. கழுத்துத் துளை வழியாக மூச்சுவிடப் பழகினார். குளத்தில் இனி இறங்க முடியாது என்றார்கள். குரல் தயாராகிக் கைப்பேசிக்கு வந்த அன்று அவர் முதலில் எழுதியது, 'உப்பு கம்மி.' மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவர் பயந்துபோய், 'பரவால்ல, சாப்டுக்கலாம்' என்று எழுதினார். அதையும் அது அவரைப்போலவே சொன்னது.

குளத்துக்குத் திரும்பியபோது கரையில் ஓர் ஒலிபெருக்கியை மாட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு பழையபடி திட்டு வாங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் சாப்பிட வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து, யாரும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்த நேரம். மாஸ்டர் நிதானமாகத் தட்டினார். அவர் எழுதி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாதென்பது அந்த வீட்டின் புதுப் பழக்கம்.

"உனக்கு இன்னும் நான் ஒழுங்கா நன்றி சொல்லல" என்றது குரல். "அன்னிக்கி நீ சொல்லலன்னா சொருகியிருப்பேன். இப்ப நான் பேசறது நீ குடுத்தது."

அவள் தட்டிலிருந்த மிச்சத்தை ஓரமாக ஒதுக்கினாள். "நான் ஒரு டிஸ்க் வாங்கிக் குடுத்தேன். அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருநாள் எடுங்கன்னுதான் சொல்லிட்டுப் போனேன். அப்படி எடுத்திருந்தா அஞ்சாறு நாள் படிச்சது போயிருக்கும். அதுவும் கடைசி நாட்கள். உங்களுக்குத் திரும்பப் படிக்கத் தொண்டை இருந்திருக்காது." அக்காவைக் காட்டினாள். "அவ தினமும் எடுத்திருக்கா. நான் தேதியெல்லாம் பாத்தேன்."

மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வாரத்துக்கு ஒருநாள் எடுப்பது அதிர்ஷ்டவசமாக அன்றைக்கு அமைந்துவிட்டது என்றுதான் அவர் இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்: "காலைல நீங்க நடக்கப் போனதும் முந்தின நாள் படிச்சதக் கேப்பேன். எல்லாத்தையும் இல்ல, கொஞ்சம். நடுவுல மேல் வீட்டுல துளை போடறாங்கன்னு திட்டுவீங்க, அதெல்லாம் வரும். கேட்டு முடிச்சதும் டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து, கழட்டி வெச்சிட்டு வேலைக்குக் கிளம்புவேன். அதுல என்ன இருக்கு."

அவர் தட்டத் தொடங்கினார். அழித்தார். மறுபடி தட்டினார். கொழுந்தியாள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேண்டுமென்றே குழாயை அதிகமாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

"நாளைக்கி நான் நடக்கப் போகல" என்றது குரல். "ரெண்டு பேரும் உக்காந்து கேக்கலாம்."

"சரி" என்றாள் அவள். "மேல் வீட்டுக்காரங்க திட்டு வாங்கறத முதல்ல போடறேன்."