சின்னவனைக் கூப்பிடு

என் மாமியார் வீட்டில் எது பழுதானாலும் சரி, குழாய் சொட்டினாலும், மிக்ஸி நின்றாலும், பூட்டு மக்கர் செய்தாலும், அடுத்த நொடி வருகிற வார்த்தை ஒன்றுதான்: "சின்னவனைக் கூப்பிடு." சின்னவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், லிஃப்ட் மெக்கானிக், இரண்டு தெரு தள்ளி வீடு. நான் மூத்த மாப்பிள்ளை. அந்த வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே வேலை, உட்காருவது.

நாற்காலியை நகர்த்தப் போனால் "ஐயோ, நீங்க ஏன் மாப்பிள்ளை?" என்று மாமியார் ஓடி வருவார். சாப்பிட்ட தட்டை எடுக்க விடமாட்டார். சின்னவன் வந்தாலோ, "எங்கடா போய்த் தொலைஞ்ச? மூஞ்சி ஏன்டா இப்படி வாடிக் கிடக்கு? முதல்ல அந்த ஏணியைப் பிடி" என்று ஒரே அமர்க்களம். அவன் சிரித்துக்கொண்டே திட்டு வாங்குவான். எனக்கு வயிறு எரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவையாவது திட்டியிருப்பாரா?

"திட்டு வாங்கறதுக்கு ஏங்குற ஒரே ஆம்பளை நீங்கதான்" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். விருந்தாளிக்கும் வீட்டு ஆளுக்கும் உள்ள வித்தியாசம், விருந்தாளிக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கேதான் இருந்தோம். காலையில் துணி துவைத்து மாடியில் உலர்த்திவிட்டு வந்து மாமியார் டிவியைப் போட்டார். கறுப்புத் திரை. நடுவில் 'சிக்னல் இல்லை'. இன்னும் அரை மணியில் பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்று. அதில் பாடும் ஒரு பெண்ணைப் பெறாத மகளாகவே அவர் தத்தெடுத்திருந்தார்.

"சின்னவனைக் கூப்பிடு" என்றார். என் மனைவி போனில் கூப்பிட்டாள். லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம், அவர்களை வெளியே எடுத்துவிட்டு வருகிறேன் என்றான். அந்த இரண்டு பேரும் நன்றாக இருக்கட்டும், ஆனால் சற்று நிதானமாக வெளியே வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

இந்த டிவி மாதத்துக்கு இரண்டு முறையாவது இப்படிப் படுத்துக்கொள்ளும். சின்னவன் வருவான். செட்டாப் பாக்ஸை அணைத்துப் போடுவான், ஒரு தட்டுத் தட்டுவான், மாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். படம் வந்துவிடும். எல்லாம் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பதுதான் என் கட்சி. ஆனால் பனம்பழம் ஒவ்வொரு தடவையும் அவன் உட்காரும்போதே விழுந்தது.

"நான் பாக்கறேன் அத்தை" என்று எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. தூசி."

உட்காரவில்லை. டிவியின் பின்னால் தலையை நுழைத்தேன். ஒரு கேபிளைப் பிடுங்கி ஊதிவிட்டு, தெரியாமல் பக்கத்து ஓட்டையில் மாட்டினேன். 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

"முதல்ல சிக்னல்தான் இல்ல. இப்ப இணைப்பும் போச்சா?" என்றார் மாமியார் மெதுவாக, மகளைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சொல்லக்கூட மரியாதை தடுத்தது.

கேபிளைப் பழைய ஓட்டைக்கே மாற்றினேன். பாக்ஸின் மெனுவைத் தோண்டியதில் சிக்னல் அளவு காட்டும் பக்கம் கிடைத்தது. இரண்டு கோடுகள். பலம் பாதிக்கு மேல் இருந்தது, தரம் பூஜ்யம். கேபிள் நன்றாக இருக்கிறது, மாடியிலிருக்கும் டிஷ்தான் வேறெங்கோ பராக்குப் பார்க்கிறது என்று புரிந்தது. மாடிக்கு ஓடினேன்.

டிஷ் கம்பத்தில் துணிக்கொடி கட்டியிருந்தது.

அதில் ஈரம் சொட்டச் சொட்ட நான்கு கனத்த படுக்கை விரிப்புகள். கம்பமே கொடியின் பக்கம் சாய்ந்து நின்றது. அட! துணி காய்ந்து கனம் குறைந்தால் கம்பம் தானாகவே நிமிரும். சின்னவன் வேலை முடிந்து சாயங்காலம் வந்து தட்டும்போது ஏன் படம் வராது?

விரிப்புகளைத் தோளால் தூக்கிப் பிடித்துக் கம்பத்தை நிமிர்த்தினேன். கீழேயிருந்து கூச்சல்.

"வந்துருச்சு! மாப்பிள்ளை, வந்துருச்சு!"

கை சற்றுத் தளர்ந்தது.

"ஐயோ, போச்சு! பிடிங்க! இந்தப் பக்கம்... அந்தப் பக்கம் இல்ல! அவ பாட ஆரம்பிச்சுட்டா! பிடின்னா பிடி! காது கேக்கலையா உனக்கு? அசையாம நில்லு, மரம் மாதிரி!"

உனக்கு! நில்லு! மரம்! ஈரத்துணி முதுகில் வழிய, வெயில் மண்டையைப் பிளக்க, நான் மரமாகவே நின்றேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் பாடி முடிக்கும் வரை இன்னும் நாலைந்து வசவு விழுந்தது. ஒன்றையும் கீழே சிந்தாமல் வாங்கிக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் விரிப்புகளை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் போட்டேன். கம்பம் நிமிர்ந்தது. கொடியையும் அவிழ்த்துச் சுவரிலிருந்த கொக்கியில் கட்டினேன். தீர்ந்தது. இனி கீழே போய், 'அத்தை, இத்தனை நாளும் உங்க டிவியைக் கெடுத்தது ஒரு கயிறு. உங்க கெட்டிக்காரன் அதைக்கூடப் பாக்கல' என்று போட்டு உடைக்க வேண்டியதுதான் பாக்கி.

படியில் கால் வைத்தவன் நின்றுவிட்டேன். இனிமேல் டிவி போகாது. போகாத டிவிக்கு யாரைக் கூப்பிடுவார்? நாளைக்கு மறுபடியும் 'நீங்க உக்காருங்க மாப்பிள்ளை'தான்.

திரும்பி வந்தேன். கொக்கியிலிருந்த கொடியை அவிழ்த்தேன். மறுபடியும் டிஷ் கம்பத்தில் கட்டினேன்.

"அந்த முடிச்சு நிக்காது அண்ணா."

சின்னவன். படி வாசலில் கிரீஸ் கையோடு நின்றான்.

"துணி கனம் ஏறினா நழுவிடும். நான் எப்பவும் ரெட்டை முடிச்சு போடுவேன்" என்றான்.

"நீயா கட்டினது?"

"கொடி கட்டித் தாடான்னு அத்தைதான் கேட்டாங்க. முதல் தடவை தெரியாமதான் இதுல கட்டினேன்." தலையைச் சொறிந்தான். "அப்புறம் தெரிஞ்சுது. அவிழ்க்க மனசு வரல."

"ஏன்டா?"

"உங்களுக்கென்ன? நீங்க சும்மா வந்தாலே வாசல் வரைக்கும் வந்து 'வாங்க'ன்னு கூட்டிட்டுப் போறாங்க. நான் சும்மா வந்தா, 'என்னடா, வேலை வெட்டி இல்லையா'ன்றாங்க. டிவி போச்சுன்னாதான் எனக்காக வாசல்ல காத்திருக்காங்க." அவன் என் நனைந்த சட்டையைப் பார்த்தான். "இன்னைக்கு வந்தேன். வாசல்ல யாரும் இல்ல. உங்களைத் திட்டுறது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

அவன் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகவே பழக்கமானது. இத்தனை வருஷமாக அதைத்தான் நான் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்து வந்தேன். பாவமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கயிற்றை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பாவமாக இல்லை.

"நகருங்க, நான் கட்டறேன்" என்று அவன் முடிச்சை இழுத்து இறுக்கினான். கம்பம் அசைந்தது.

"படம் போச்சு!" கீழேயிருந்து வீடே அதிர்ந்தது. "முடிவு சொல்லப் போறாங்க! மேல யாரு இருக்கறது?"

"நான்தான் அத்தை!" என்றோம் இருவரும்.

டிஷ்ஷின் ஒரு ஓரத்தை நான் பிடித்தேன், மறு ஓரத்தை அவன் பிடித்தான். அவனை விடச் சொன்னேன், அவன் என்னை விடச் சொன்னான். நான் என் பக்கம் இழுத்தேன், அவன் அவன் பக்கம் இழுத்தான்.

அந்தப் பெண் ஜெயித்தாளா இல்லையா என்று, மாமியார் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.